கைதேர்ந்த மெஷினிஸ்ட்களுக்கு மேல் சூப்பர்வைசர்: எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மெக்கானிக்கல் டிப்ளமோ, நான்கு வருடம் குவாலிட்டியில் வேலை. இப்போது அதே கம்பெனியில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். கோவையில் பம்ப் ஷாப்ட், ஸ்லீவ், பேரிங் ஹவுசிங் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். ஆறு சிஎன்சி லேத், இரண்டு விஎம்சி (சிஎன்சி மில்லிங் மெஷின்), ஒரு சிலிண்ட்ரிகல் கிரைண்டர், ஓரமாக இரண்டு பழைய லேத். இரண்டு ஷிப்டில் பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் ஊறியவர்கள். "நான் சொன்னால் கேட்பார்களா? ரிஜெக்ஷனும் டெலிவரி தாமதமும் தினசரி சண்டையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? நானும் மெஷின் ஓட்டக் கற்க வேண்டுமா?"

அவர்களுக்கு வெட்டத் தெரியும், அதை நீங்கள் சொல்லித்தரப் போவதில்லை. மெஷின் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆபரேட்டர் கையில் இல்லை. டிராயிங் வரவில்லை, ஜா (லேத்தின் சக்கில் ஜாபைப் பிடிக்கும் தாடை) எங்கே என்று தெரியவில்லை, மெட்டீரியல் அறுத்து வரவில்லை, முதல் பீஸைப் பார்க்க இன்ஸ்பெக்டர் இல்லை. இவை எல்லாம் சூப்பர்வைசர் கணக்கு. இவற்றைச் சரி செய்பவர் பேச்சு ஷாப்பில் தானாக எடுபடும். அளவு தவறுவது வேறு விஷயம். கைதேர்ந்தவர்களும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எண்ணுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, வெவ்வேறு நேரங்களில் (டீ நேரத்தை மட்டும் விட்டுவிட்டு) ஷாப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். எட்டு சிஎன்சி மெஷினும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று ஒரு கோடு போடுங்கள்: வெட்டுகிறது, செட்டிங்கில் இருக்கிறது, நிற்கிறது. நின்றால் எதற்காக என்று ஒரு வார்த்தை. ஆறு நாளில் 480 கோடுகள் சேரும். மெஷின் ஓடும் நேரம் பாதியளவு என்று வந்தால், இத்தனை கோடுகளில் அந்தக் கணக்கு பெரும்பாலும் நாலரை சதவீதத்துக்கு மேல் இப்படி அப்படிப் போகாது. முதலாளியிடம் கொண்டுபோய் வைக்க இது போதும். ஒரு எச்சரிக்கை: எதற்காகக் கோடு போடுகிறீர்கள் என்று முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். யார் பெயரையும் எழுதாதீர்கள், மெஷின் நம்பர் மட்டும் போதும். "நம்மள வேவு பாக்கறான்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அடங்க மாதக்கணக்கில் ஆகும்.

அந்த நோட்டைப் பார்த்தால் நின்ற நேரத்தில் பெரும்பங்கு தேடுவதிலும் காத்திருப்பதிலும் போயிருப்பது தெரியும். இதற்கு மருந்து பழையதுதான்: அடுத்த ஜாபுக்கு வேண்டியதை, இப்போதைய ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிரேயில் கூட்டி வைப்பது. டிரேயில் இருக்க வேண்டியவை: ரிவிஷன் சரிபார்த்த டிராயிங், புரோகிராம் நம்பர் எழுதிய செட்டப் ஷீட், அந்த ஜாபின் சாஃப்ட் ஜா (ஜாபுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளும் மென்மையான ஜா) செட், டூல் ஹோல்டர்களும் தேவையான டிப்களும் (வெட்டும் முனைகள்), கேஜ், அதைச் சரிபார்க்கும் மாஸ்டர். மெட்டீரியல் எண்ணி, ஹீட் நம்பரோடு மெஷின் பக்கத்தில். டிரே முழுமையாகாமல் செட்டரிடம் (மெஷினை ஜாபுக்குத் தயார் செய்பவர்) "ஆரம்பிங்க" என்று சொல்லவே கூடாது. பாதி வந்ததும் ஆரம்பித்துவிட்டு மீதிக்கு ஓடுவதுதான் ஒரு மணி நேரத்து செட்டிங்கை மூன்று மணி நேரம் இழுக்கிறது.

சாஃப்ட் ஜா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ரன்அவுட் (சுற்றும்போது ஜாப் மையம் விலகி ஆடுவது) புகார் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஜாவில் ஜாப் நம்பரும் 1, 2, 3 என்ற வரிசையும் பஞ்ச் செய்திருக்க வேண்டும். மாஸ்டர் ஜாவின் எத்தனையாவது பல்லில் உட்கார்ந்தது என்பதையும் செட்டப் ஷீட்டில் எழுத வேண்டும். கழற்றி மறுபடி மாட்டினால், போன முறை எவ்வளவு சரியாக இருந்திருந்தாலும், லேசாக ஒரு கட் எடுத்தே ஆக வேண்டும். போரிங் (உள் விட்டத்தை வெட்டுவது) செய்யும்போது உள்ளே ஒரு ரிங்கைப் பிடித்து, ஜாபைப் பிடிக்கப்போகும் அதே பிரஷரில் போர் செய்ய வேண்டும். ரிங் இல்லாமல் வெறும் ஜாவை போர் செய்தால் சக்கின் லூஸ் எல்லாம் ஜாபைப் பிடிக்கும்போதுதான் வெளியே வரும். போர் விட்டம் ஜாபின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பெரிதாகப் போனால் ஜாவின் நடுவில் மட்டும் பிடிக்கும். சிறிதாக இருந்தால் இரு ஓரங்களும் ஜாபில் பதிந்து கோடு விழும்.

அடுத்து முதல் பீஸ். செட்டிங் முடிந்து வரும் முதல் நல்ல பீஸை, செட்டர் ஒருமுறை, அவர் அளந்ததைப் பார்க்காமல் இன்னொருவர் ஒருமுறை அளந்து, இருவர் எழுதியதும் ஒத்துப்போன பிறகுதான் ஓட்டம். நீங்கள் குவாலிட்டியிலிருந்து வந்தவர் என்பதால் இது உங்களுக்குப் பழக்கம். ஆனால் இனி நீங்கள் இன்ஸ்பெக்டர் இல்லை. பீஸ் வந்து காத்திருந்தால் பத்து நிமிடத்துக்குள் பார்க்க ஆள் இருப்பதை உறுதி செய்வதே இப்போது உங்கள் வேலை. முக்கால் மணி நேரம் காத்திருந்த செட்டர் ஒருநாள் காத்திருக்காமல் ஓட்டிவிடுவார். அப்போது நீங்கள் கத்தினால் நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும்.

முதல் பீஸில் விட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுவது பெரிய ஓட்டை. ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். 6205 பேரிங் உட்காரும் ஷாப்ட், சீட் 25 கே6 (k6, அனுமதிக்கும் அளவு எல்லையின் குறியீடு). அதாவது 25.002 முதல் 25.015 வரை. சிறிய ஷாப்ட் என்பதால் கிரைண்டிங் இல்லாமல் சிஎன்சியிலேயே முடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபினிஷ் கரடாக வருகிறது என்று உங்கள் மூத்த செட்டர் 0.8 ரேடியஸ் (நுனி வளைவு) டிப்பை எடுத்துவிட்டு 1.2 ரேடியஸ் போடுகிறார். அவர் எண்ணம் தவறில்லை. ஃபீடின் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் மி.மீ.) வர்க்கத்தை எட்டு மடங்கு ரேடியஸால் வகுத்தால் டூல் விட்டுப்போகும் முகட்டின் உயரம் வரும். 0.2 ஃபீடில் 0.8 ரேடியஸ் விடுவது சுமார் 6.3 மைக்ரான், 1.2 ரேடியஸ் விடுவது 4.2. ஃபினிஷ் பளிச்சென்று வருகிறது, மைக்ரோமீட்டரில் அளவும் சரி, பீஸ் ஓகே. ஆனால் தோள் (ஷாப்டில் விட்டம் மாறும் படி) மூலையில் இப்போது 1.2 ரேடியஸ் நிற்கிறது. 6205 பேரிங்கின் மூலை ரேடியஸ் குறைந்தபட்சம் 1.0 தான், ஆகவே ஷாப்டின் ஃபில்லெட் (தோள் மூலையின் வளைவு) 1.0 க்கு மேல் போகவே கூடாது. பேரிங் தோளில் உட்காராமல் ரேடியஸ் மேல் ஏறி நிற்கும். அசெம்பிளியில் பேரிங் சாய்ந்து சத்தம் போடும். திரும்பி வரும் இருநூறு ஷாப்டிலும் விட்டம் சரியாகவே இருக்கும்.

கைதேர்ந்தவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் இந்த மாதிரிதான். தெரியாமல் நடப்பதில்லை. ஒரு பிரச்சினையைத் தன் அனுபவத்தில் தீர்க்கும்போது, டிராயிங்கின் இன்னொரு மூலையில் இருக்கும் நிபந்தனை அடிபடுகிறது. அதனால் செட்டப் ஷீட்டில் டிப்பின் பெயரை முழுதாக எழுதுங்கள்: சிஎன்எம்ஜி 120408 என்றால் கடைசி 08 தான் ரேடியஸ். அதன் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: "தோள் ரேடியஸ் அதிகபட்சம் 1.0, பேரிங் உட்காரும் இடம்." காரணம் தெரிந்த மெஷினிஸ்ட் அதை மீறமாட்டார். "மாத்தக் கூடாது" என்று மொட்டையாக எழுதினால் அடுத்த மாதமே மாற்றுவார்.

ஆஃப்செட்டுக்கு (டூலின் நிலையைத் திருத்தும் எண்) வருவோம். ஃபானக் கன்ட்ரோலில் வேர் (தேய்மான) ஆஃப்செட் பக்கத்தில் "இன்புட்", "+இன்புட்" என்று இரண்டு சாஃப்ட் கீ இருக்கும். முன்னது இருக்கும் எண்ணை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். பின்னது இருப்பதோடு கூட்டும். எக்ஸ் வேர் இப்போது -0.035 என்று வையுங்கள். விட்டம் 0.02 கூடுதலாக வருகிறது. -0.02 அடித்து "+இன்புட்" அழுத்தினால் -0.055 ஆகும், சரி. அவசரத்தில் "இன்புட்" அழுத்தினால் -0.020 ஆகும். விட்டம் குறைவதற்குப் பதில் இன்னும் 0.015 கூடும். ஓடி (வெளி விட்டம்) என்றால் பெரிதாக வரும், மறுபடி கட் எடுத்துக்கொள்ளலாம். போரில் இதே தவறு நடந்தால் பீஸ் ஸ்கிராப். இன்னொரு பொறி, புள்ளி வைக்காமல் எண்ணை அடிப்பது. செட்டிங்கைப் பொறுத்துச் சில மெஷின் அதை மைக்ரானாக எடுக்கும், சில மெஷின் மில்லிமீட்டராக எடுக்கும். ஒரே ஷாப்பில் இரண்டு விதமும் இருந்தால் மெஷின் மாறி வேலை செய்பவர் ஒருநாள் சக்கில் இடிப்பார். எல்லா மெஷினையும் ஒரே மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஒரே தடவையில் இவ்வளவுக்கு மேல் வேர் மாற்ற முடியாதபடி உச்சவரம்பு வைக்கும் வசதியும் அந்தக் கன்ட்ரோலில் உண்டு, மெயின்டனன்ஸ் ஆளிடம் கேட்டு அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கீயைத் தப்பாக அழுத்துவது எப்போதாவது நடக்கும். தினமும் நடப்பது இன்னொன்று: ஒவ்வொரு பீஸையும் அளந்து ஒவ்வொன்றுக்கும் ஆஃப்செட் மாற்றுவது. அக்கறையுள்ள ஆள்தான் இதைச் செய்வார், அதனாலேயே திருத்துவது கடினம். எந்த மெஷினும் ஒரே அளவைத் தராது, இரண்டு மூன்று மைக்ரான் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைத் துரத்தினால் ஆட்டம் பெருகும். ஷாப்டில் 22 எச்7 (சின்ன எழுத்து h7) இம்பெல்லர் சீட்டை எடுங்கள்: 21.979 முதல் 22.000 வரை, 21 மைக்ரான் இடம். அதன் நடுப்பாதி 21.984 முதல் 21.995 வரை. இதைப் பச்சை என்றும், அதற்கு வெளியே எல்லைக்குள் இருப்பதை மஞ்சள் என்றும் வரைந்து மெஷினில் ஒட்டுங்கள். செட்டிங் முடிந்ததும் தொடர்ந்து ஐந்து பீஸ் பச்சையில் வந்தால் ஓடலாம். ஓடும்போது இடைவெளி விட்டு இரண்டிரண்டு பீஸ் அளக்க வேண்டும். ஒன்று மஞ்சளில் இருந்து மற்றது பச்சையில் இருந்தால் கையை வைக்காதீர்கள். இரண்டும் ஒரே பக்கத்து மஞ்சளில் வந்தால் ஆஃப்செட் மாற்றுங்கள். ஒன்று மேல் மஞ்சளிலும் மற்றது கீழ் மஞ்சளிலும் வந்தால் ஆஃப்செட்டால் தீராது. ஜா லூஸா, டரெட்டில் டூல் ஆடுகிறதா, டெயில்ஸ்டாக் பிரஷர் குறைந்ததா என்று பாருங்கள். எல்லைக்கு வெளியே ஒரு பீஸ் வந்தாலும் நிறுத்த வேண்டும். மாற்றிய ஒவ்வொரு ஆஃப்செட்டும் நேரத்தோடு நோட்டில் ஏற வேண்டும்.

அந்த நோட்டை ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் மெஷினின் குணம் தெரியும். காலையில் முதல் அரை மணியில் இரண்டு தடவை, டீக்கு அப்புறம் ஒரு தடவை ஆஃப்செட் மாறியிருந்தால், அது ஸ்பிண்டிலும் (சக்கைச் சுற்றும் அச்சு) பால் ஸ்க்ரூவும் (டூலை நகர்த்தும் திருகு) சூடேறுவதன் கணக்கு. ஷிப்ட் ஆரம்பத்தில் பதினைந்து இருபது நிமிடம் மெஷினைச் சும்மா ஓடவிட்டு எடுத்தால் பாதி குறையும். ஜாபின் சூடு வேறு இருக்கிறது. ஸ்டீல், மீட்டர் ஒன்றுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். வெட்டி எடுத்த சூட்டில் மாஸ்டரைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும் 22 மி.மீ. ஷாப்ட் கிட்டத்தட்ட 4 மைக்ரான் பெரிதாகக் காட்டும். 21 மைக்ரான் இடத்தில் இது சமாளிக்கக்கூடியது. 100 மி.மீ. அலுமினியம் ஹவுசிங்காக இருந்தால் பத்து டிகிரிக்கே 23 மைக்ரான் போய்விடும். அங்கே ஜாபைக் கூலண்டில் குளிரவைத்து, மாஸ்டர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஷிப்ட் மாறும் இடம். "நைட் ஷிப்ட்ல அளவ மாத்திட்டாங்க" என்று பகல் ஆட்களும், பகலைப் பற்றி நைட் ஆட்களும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். யாரையும் விசாரிக்கும் முன் இரண்டு பேரின் மைக்ரோமீட்டரையும் ஒரே மாஸ்டரில் வைத்துப் பாருங்கள். ஒன்று 0.005 கூட்டிக் காட்டினால், பகலில் ஒருவர் கீழே இறக்குவார், இரவில் இன்னொருவர் மேலே ஏற்றுவார். இருவரும் நேர்மையாகவே வேலை செய்திருப்பார்கள். மைக்ரோமீட்டரின் ரேட்செட்டை (ஒரே அழுத்தம் தரும் கைப்பிடி) திருகும் பழக்கமும் ஆளுக்கு ஆள் மாறும்: ஒருவர் ஒரு கிளிக், இன்னொருவர் நான்கு. எனவே ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மைக்ரோமீட்டர், ஒரு மாஸ்டர், அவை மெஷினோடு இருக்கும், ஆளோடு போகாது. 21 மைக்ரான் இடத்தை 0.01 காட்டும் மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்வது அநியாயம். 0.001 காட்டுவது வேண்டும், கே6 சீட்டுக்கு ஏர் கேஜ் அல்லது கம்பாரேட்டர் இன்னும் நல்லது. வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்கும் முதல் பொருள் இதுவாக இருக்கட்டும். ஷிப்ட் கைமாறும்போது பத்து நிமிடம் இருவரும் மெஷின் முன் நிற்க வேண்டும். கடைசி பீஸை இருவரும் அளப்பது, எந்த டிப் எத்தனை பீஸ் ஓடியது, என்ன சத்தம் புதிதாகக் கேட்கிறது, இவ்வளவுதான் பேச்சு.

டிப் கணக்கில் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டாம், அதற்காகத் தாராளமாகவும் விட வேண்டாம். சிஎன்எம்ஜி டிப்பில் நான்கு மூலை. நான்கும் தேய்ந்த பழைய டிப்பைக் கொடுத்தால் புதியது என்று வைத்தாலே பாதி விரயம் நிற்கும். மூலை எப்போது மாற வேண்டும் என்பதை ஒவ்வொரு ஜாபுக்கும் பீஸ் எண்ணிக்கையில் எழுதிவிடுங்கள். பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மி.மீ. வந்தால் டிப் முடிந்தது என்பது பொதுவான கணக்கு, ஒரு சின்ன லென்ஸ் இருந்தால் பார்த்துவிடலாம். லென்ஸ் இல்லாவிட்டாலும் வெளி விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போவது, பிசிறு தடித்து வருவது, சத்தம் மாறுவது எல்லாம் அதையே சொல்கின்றன. பழைய ஆட்கள் சத்தத்திலேயே பிடித்துவிடுவார்கள். அந்தக் காதை எண்ணாக மாற்றிச் செட்டப் ஷீட்டில் ஏற்றுவது உங்கள் வேலை. இல்லாவிட்டால் அவர் லீவு போட்ட நாளில் டிப் உடையும்.

ஃபீட் ஓவர்ரைடு (புரோகிராமின் ஃபீடைச் சதவீதத்தில் கூட்டிக் குறைக்கும் நாப்) எப்போதும் 70 இல் நிற்கிறது என்று முதலாளி கத்துவார். கணக்கு அவருக்குச் சாதகம்தான்: 80 விநாடி வெட்டும் நேரம் 70 சதவீதத்தில் 114 விநாடி ஆகும். இருநூறு பீஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். ஆனால் நாபைத் திருப்பி நூறில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஏன் குறைத்தார் என்று கேளுங்கள். நீளமான ஷாப்டில் சாட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) அடித்திருக்கலாம், சிப் உடையாமல் சுருளாகச் சுற்றியிருக்கலாம், போன மாதம் டூல் உடைந்ததில் திட்டு வாங்கியிருக்கலாம். சாட்டர் என்றால் எந்த இடத்தில் என்று பார்த்து அந்த கட்டின் வேகத்தை மட்டும் புரோகிராமில் மாற்றுங்கள். 30 மி.மீ. இஎன்8 ஸ்டீலில் நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகம் என்றால் சுமார் 2120 ஆர்பிஎம். அதைப் பத்து சதவீதம் இறக்கினாலே பல சமயம் சாட்டர் நின்றுவிடும், மீதி பாதைக்கு முழு ஃபீட் கிடைக்கும். சுருள் சுற்றினால் ஃபீடைக் குறைப்பது எதிர்ப்பக்கம் வேலை செய்யும். சிப் மெலிந்து இன்னும் நீளமாகச் சுற்றும். அங்கே ஃபீடைக் கூட்ட வேண்டும், அல்லது சிப் பிரேக்கர் மாற வேண்டும். புரோகிராம் திருத்தியபின் ஓவர்ரைடு நூறில் ஓடும், யாரும் சொல்லாமலேயே.

இன்ஸ்பெக்ஷனும் மெஷினிஸ்டும் மோதும்போது இரண்டு பேரும் சரியாக இருக்கும் ஒரு சந்தர்ப்பத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 52 எச்7 (பெரிய எழுத்து H7) போர், மெல்லிய சுவருள்ள ஹவுசிங். எல்லை 52.000 முதல் 52.030. ஆபரேட்டர் டயல் போர் கேஜில் சுற்றிச் சுற்றி அளக்கிறார், எங்கும் 52.012. இன்ஸ்பெக்ஷனில் கோ பிளக் கேஜ் (கீழ் எல்லை அளவுள்ள உருளை, நல்ல போரில் நுழைய வேண்டும்) போகவில்லை. "உங்க கேஜ் தப்பு", "உங்க அளவு தப்பு" என்று அரை மணி போகும். மூன்று ஜா இறுக்கியதில் ஹவுசிங் வளைந்திருந்தது. வளைந்த நிலையில் வட்டமாக போர் செய்தார். ஜாவை விட்டதும் ஹவுசிங் பழைய வடிவுக்குத் திரும்ப, போர் மூன்று புடைப்புள்ள வடிவமாகிவிட்டது. ஒரு புடைப்புக்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும், அதனால் இரண்டு புள்ளியில் அளக்கும் எந்தக் கருவியும் எல்லாத் திசையிலும் ஒரே அளவையே காட்டும். முழு வட்டமான பிளக் கேஜுக்கு மட்டும் அது தெரியும். தீர்வு: ரஃபிங் முடிந்ததும் சக் பிரஷரைப் பாதியாகக் குறைத்து மறுபடி பிடித்து ஃபினிஷ் எடுப்பது, சுற்றளவு முழுவதையும் தழுவும் அகலமான சாஃப்ட் ஜா செய்வது, முடிந்தால் பக்கவாட்டில் பிடிக்காமல் முகத்தில் அழுத்திப் பிடிக்கும் ஃபிக்சர். இதை மெஷினிஸ்ட் முன்னாலேயே பேசி, ஜா எப்படி இருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். உங்களைவிட நல்ல ஜாவை அவர் வரைவார்.

இனி ஆட்கள். அவர்களை "அண்ணா" என்றே கூப்பிடுங்கள், "சார்" என்று உங்களைக் கூப்பிடச் சொல்லாதீர்கள். "தம்பி" என்று அழைத்தால் அது உங்களுக்குக் குறைவில்லை. எதையும் நான்கு பேர் முன்னால் திருத்தாதீர்கள். "இதை மாத்துங்க" என்பதற்கும் "அண்ணா, இந்த ஜாபுக்கு சென்டர் சப்போர்ட் வேண்டாம்னு ஏன் விட்டீங்க?" என்பதற்கும் பதில் வேறு வேறாக வரும். பாதி நேரம் அவர் பதிலில் உங்களுக்குத் தெரியாத காரணம் இருக்கும். கருத்து ஒத்துப்போகாவிட்டால் வாயால் ஜெயிக்கப் பார்க்காமல், அவர் முறையில் ஐந்து, உங்கள் முறையில் ஐந்து பீஸ் போட்டு அளந்து பாருங்கள். அவர் முறை நன்றாக வந்தால் செட்டப் ஷீட்டில் அவர் பெயரைப் போட்டு அதையே வழக்கமாக்குங்கள்.

கெட்டிக்கார செட்டர் ஒருவர் தலையிலேயே கஷ்டமான ஜாப் எல்லாவற்றையும் கட்டுவது எல்லா ஷாப்பிலும் உண்டு. அவர் அலுத்துப்போவார், மற்றவர்கள் கற்கமாட்டார்கள், அவர் பக்கத்து யூனிட்டுக்குப் போனால் ஷாப்பே படுத்துவிடும். ஒரு சார்ட் போடுங்கள்: ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் மெஷினும் ஜாப் வகையும். கட்டத்தில் நான்கு நிலை: பார்க்கிறார், ஓட்டுவார், செட் செய்வார், சொல்லித்தருவார். எந்த வரிசையில் "செட் செய்வார்" ஒரே ஒருவர்தானோ அந்த இடத்தில் இந்த மாதமே இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள். இரண்டு ஷிப்டிலும் ஒரு செட்டராவது இருக்கும்படி பிரியுங்கள். ஒடிசா, பிகாரிலிருந்து வந்து பீஸ் ஏற்றி இறக்குபவர்கள் இருந்தால் செட்டப் ஷீட்டில் போட்டோ வையுங்கள், அளவை எண்ணிலும் நிறத்திலும் காட்டுங்கள். தமிழில் எழுதிய நாலு வரியை அவர்களால் படிக்க முடியாது, தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஸ்கிராப் விஷயத்தில் ஒரே ஒரு எண்ணைத் தினமும் பாருங்கள். கொடுத்த பீஸ் 200, ஓகே 193, சிவப்புப் பெட்டியில் 5. மீதி 2 எங்கே? அந்த 5 பற்றிப் பேசலாம், பிழை திருத்தலாம். காணாமல் போன 2 தான் ஆபத்து. கூலண்ட் டேங்குக்குள் போயிருந்தால் பரவாயில்லை, ஓகே பெட்டிக்குள் போயிருந்தால் கஸ்டமரிடம் போகும். மெஷினிஸ்ட் ஸ்கிராப்பை மறைக்கிறார் என்றால் சொன்ன அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். கத்தினார்களா, சம்பளத்தில் பிடித்தார்களா? பிடித்தம் செய்யும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் நீங்களே பேச வேண்டும். தானாக வந்து சொன்ன ஸ்கிராப்புக்குத் தண்டனை இல்லை, மறைத்ததற்கு உண்டு. இதை எல்லாரும் இருக்கும்போது சொல்லி, சொன்னபடி நடக்க வேண்டும். இன்சென்டிவ் இருந்தால் ஓகே பீஸுக்கு மட்டும் கொடுங்கள். போட்ட எண்ணிக்கைக்குக் கொடுத்தால் ரிஜெக்ஷனுக்கு நீங்களே காசு கொடுக்கிறீர்கள்.

பேச்சுக்கு இடமில்லாத விஷயங்களும் உண்டு. சுற்றும் ஜாப் பக்கத்தில் கையுறை கூடாது, பழைய லேத்தில் முழுக்கை தொங்கக் கூடாது. சுருளைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும், கையாலோ ஏர் கன்னாலோ கூடாது. சக் கீயை விட்டுக் கை எடுத்தால் அது சக்கில் இருக்கக் கூடாது. ஸ்பிண்டிலுக்குப் பின்னால் பார் நீட்டிக்கொண்டிருந்தால் ஆர்பிஎம் ஏறும்போது அது வளைந்து சாட்டைபோல் அடிக்கும். ஸ்பிண்டில் நீளத்துக்குள் அறுத்து வையுங்கள் அல்லது பார் ஃபீடர் போடுங்கள். கதவின் இன்டர்லாக்கை (கதவு திறந்தால் மெஷினை ஓடவிடாத பூட்டு) பைபாஸ் செய்வது பெரும்பாலும் அனுபவசாலிகள்தான், வெட்டு விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. கண்ணாடி கீறி மங்கியிருந்தால் மாற்றிக் கொடுங்கள், உள் விளக்கைச் சரி செய்யுங்கள். அதற்கும் பிறகு பைபாஸ் இருந்தால் மெஷினை நிறுத்துங்கள், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், ஆனால் பணம் கொடுத்துவிட்டதால் களைப்பு போகாது. பன்னிரண்டாவது மணி நேரத்தில் கே6 கிரைண்டிங்கைக் கொடுக்காமல் ஃபேஸிங், சென்டரிங் போன்றதைக் கொடுங்கள்.

கூலண்டை யாரும் சொந்தமாக நினைப்பதில்லை, அதனால் ஒருவர் பெயரை எழுதிவிடுங்கள். வாரம் இரண்டு தடவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து 5 முதல் 8 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும். எண்ணெய் கம்பெனி கொடுக்கும் பெருக்கல் எண்ணை மறக்கக் கூடாது. தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. திங்கள் காலை அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மேலே மிதக்கும் ஸ்லைடுவே ஆயில் காற்றை மூடியிருக்கிறது. சனிக்கிழமை அதை எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, மெஷின் ஓட்டக் கற்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும். அவர்களோடு போட்டி போட அல்ல, அவர்கள் சொல்வது புரிய. ஷிப்ட் முடிந்ததும் மாலையில் ஒரு மணி நேரம், ஒரு மாதம் போதும். பழைய லேத்தில் ஒரு பீஸை ஃபேஸிங் முதல் பார்ட்டிங் வரை முழுதாக எடுங்கள். ஒரு செட் சாஃப்ட் ஜாவை நீங்களே ரிங் வைத்து போர் செய்து, ரன்அவுட் 0.02 க்குள் கொண்டுவாருங்கள். ஒரு டிப்பின் மூலையை மாற்றி, ஆஃப்செட் போட்டு, அடுத்த பீஸை அளவுக்குள் எடுங்கள். யார் சொல்லித்தர வேண்டும் என்றால், முதல் வாரம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் யாரோ, அவரிடமே கேளுங்கள்.